பெரிய இன்ஜெக்டர் மாட்டப் போகிற மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்துவிட்டேன். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று தம்பி சொன்னான், கேட்க நிம்மதியாக இருந்தது.

ஆனால் அதோடு அவன் சொன்ன இன்னொரு சேதி என்னைத் தூங்கவிடவில்லை. நீ நிமிடத்துக்கு 1,100 சி.சி. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கு பார்த்து வைத்திருக்கிறாயாம். வாரக் கடைசியில் நீயே மாட்டி, அப்படியே ஓட்டிக்கொண்டு, இன்ஜின் கம்ப்யூட்டரைச் சரிப்படுத்தும் டியூனரிடம் போகப் போகிறாயாம். மாட்டு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டர்போ மாற்றியதிலிருந்து உன் வண்டிக்கு எரிபொருள் போதவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழைய மேப்போடு, அதாவது அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய எரிபொருள் அட்டவணையோடு, அந்த வண்டியை ஒரு தெரு தாண்டிக்கூட ஓட்டாதே. முதலில் அதற்கு எனக்கு வாக்குக் கொடு, மற்றதை அப்புறம் பேசலாம்.

காரணம் உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தெரிந்ததெல்லாம் நேரம்தான். இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திறந்து வை என்று கட்டளை போடும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் விழுந்தது என்று அது அளப்பதில்லை. உன் பழைய இன்ஜெக்டர் 550, புதியது 1,100. அதே கட்டளைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பெட்ரோல் விழும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ குறைக்கும்தான், ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு மடங்கை அது தாங்காது. வண்டி கிளம்புவதே கஷ்டம். கிளம்பினாலும் அதிகப்படியான பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு போய் ஆயிலில் கலக்கும், பிளக் கரி பிடிக்கும், எரியாமல் போவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். டியூனரிடம் இழுவை வண்டியில் கொண்டு போ. இல்லாவிட்டால் அவரிடம் முன்கூட்டியே ஒரு ஆரம்ப மேப் வாங்கி ஏற்றிக்கொண்டு, டர்போவின் பூஸ்ட் அழுத்தத்தைத் தொடாமல் மெதுவாகப் போ.

சரி, இப்போது அளவு. உன் இலக்கு 400 குதிரைத்திறன் என்றுதானே சொன்னாய்? டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு எரிபொருள் கேட்கும். மொத்தம் 240 பவுண்டு. நான்காகப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 60. அதை முழு நேரமும் திறந்தே வைக்க முடியாது, 85 சதவீத ட்யூட்டி சைக்கிளோடு, அதாவது நேரத்தில் 85 சதவீதம் திறந்திருப்பதோடு, நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வைத்தால் 70 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. மணிக்கு ஒரு பவுண்டு என்பது நிமிடத்துக்கு 10.5 சி.சி. என்று பெருக்கினால் சுமார் 740 சி.சி. ஆகப் பெட்ரோல் மட்டும்தான் ஊற்றப் போகிறாய் என்றால் 800 போதும். இ85, அதாவது பெரும்பகுதி எத்தனால் கலந்த பெட்ரோல், போடுகிற எண்ணம் உண்மையிலேயே இருந்தால்தான் 1,100க்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அதே சக்திக்கு அது கனஅளவில் 30 முதல் 40 சதவீதம் அதிகம் கேட்கும். போன வருஷம் இ85 என்றாய், நடுவில் வேண்டாம் என்றாய். இதில் உன் மனசு ஒரு பக்கம் நிற்கட்டும்டா.

இன்ஜெக்டரை மாற்றாமல், அவற்றுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயின் அழுத்தத்தை ஏற்றினால் என்ன என்று பழைய கடிதத்தில் கேட்டிருந்தாய். பெட்ரோல் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலப்படிதான் கூடும். 3 பாரிலிருந்து 4 பாருக்குப் போனால் 15 சதவீதம் கிடைக்கும். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அந்த வழி உனக்கு ஒத்துவராது.

இதெல்லாம் சும்மா முன்னுரை. நான் எழுத உட்கார்ந்தது டெட் டைமுக்காக.

எல்லோரும் பெட்டியில் எழுதியிருக்கும் சி.சி.யைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் கரண்ட் கொடுத்ததும் இன்ஜெக்டர் திறந்துவிடுவதில்லை. காயிலில் காந்தப்புலம் ஏறி, ஊசி மேலே எழுந்து, அதன் பிறகுதான் பெட்ரோல் வரும். அதற்குச் சுமார் 1 மில்லிசெகண்ட் போகிறது. அந்த வீணாகும் நேரம்தான் டெட் டைம், அதை ஈசியூ ஒவ்வொரு துடிப்பிலும் கூட்டிக்கொடுக்க வேண்டும். முழு பூஸ்டில் ஓடும்போது 12 மில்லிசெகண்ட் திறந்திருக்கிறது என்று வை, அங்கே டெட் டைமில் 0.2 தப்பினால் பிழை 2 சதவீதம்கூட வராது. இப்போது ஐடிலுக்கு, வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்கு, வா. உன் 550 அங்கே உண்மையில் 1.5 மில்லிசெகண்ட் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தால், 1,100 ஊற்ற வேண்டியது 0.75 மட்டும்தான். அதே 0.2 பிழை இங்கே கால் பங்குக்கும் மேலே! பெரிய இன்ஜெக்டர் மாட்டிய வண்டிகள் சக்தியை அளக்கும் டைனோவில் அருமையான எண்ணைக் காட்டிவிட்டு சிக்னலில் நின்று திணறுவது இதனால்தான். இவ்வளவு சின்னத் துடிப்பில் இன்ஜெக்டரின் ஓட்டம் நேர்க்கோட்டிலும் இருக்காது, அதற்கும் தனியாக ஒரு திருத்தம் வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், டெட் டைம் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறும். 14 வோல்ட்டில் ஒன்று, 12 வோல்ட்டில் அதைவிடக் கூடுதல். நம் பெரியவர் வண்டி ஞாபகம் இருக்கிறதா? பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் ஹெட்லைட் எரிந்து, ரேடியேட்டர் ஃபேனும் சுற்றத் தொடங்கினால் ஐடில் ஊசலாடி அணைந்துவிடும். பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், வாக்குவம் லீக் தேடினார், கடைசியில் ஆல்டர்னேட்டரையே கழற்றிவிட்டார். ஒன்றிலும் குறையில்லை. டெட் டைம் அட்டவணையில் எல்லா வோல்ட்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தார்கள். சரியான அட்டவணை ஏற்றிய அன்றே தீர்ந்தது. அவர் செலவழித்த பணத்தையும் பட்ட பாட்டையும் பார்த்தவன் நான், அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

ஆகவே காசு கொடுக்கும் முன் விற்கிறவரிடம் கேள். ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் அழுத்தத்துக்கும் டெட் டைம் அட்டவணை உண்டா? சின்னத் துடிப்பு ஓட்டத்தின் அளவீடு உண்டா? நான்கும் ஒன்றோடொன்று எத்தனை சதவீதத்துக்குள் பொருந்துகின்றன? சி.சி. அளந்தது எந்த அழுத்தத்தில்? 3 பாரில் 1,000 என்பதும் 4 பாரில் 1,000 என்பதும் ஒன்றல்ல. பதில் வரவில்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதே. சந்தையில் போலியும் நிறைய நடமாடுகிறது. எண்கள் கையில் இருக்கும் 850, எண்கள் இல்லாத 1,100ஐவிட மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் பார். உன் வண்டியில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜின். அந்த இன்ஜின் இருக்கும் லான்சர் எவோக்களில் தொழிற்சாலையிலிருந்து வந்தவை தாழ்ந்த மின்தடை இன்ஜெக்டர்கள், கூடவே ஒரு ரெசிஸ்டர் பெட்டி. நீ பார்த்திருப்பது 12 ஓம் பக்கத்து உயர்ந்த மின்தடை வகை என்றால் அந்தப் பெட்டியைத் தாண்டி நேராக வயரிங் போட வேண்டும். மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

அப்புறம் அந்தக் காற்றளவு சிக்னலைக் குறைத்துக் காட்டும் பெட்டி. யாரோ உனக்கு மலிவு வழி என்று சொல்லியிருக்கிறார்களாம். வேண்டவே வேண்டாம் மாப்ளே. காற்று குறைவு என்று ஏமாற்றினால் ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், சரி. ஆனால் சுமையும் குறைவு என்று நம்பி, லேசான சுமைக்குரிய இக்னிஷன் டைமிங்கை எடுத்துக்கொள்ளும். உள்ளே உண்மையில் முழு பூஸ்ட். தீப்பொறி முந்திவிழும், கலவை தாறுமாறாக வெடித்து நாக் வரும், பிஸ்டன் ரிங் லேண்ட் உடையும். ஈசியூவிலேயே இன்ஜெக்டர் அளவை மாற்றுவதுதான் வழி.

பம்பை மறந்துவிடாதே. உன் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் பூஸ்டோடு சேர்ந்து ஏறுகிறது. அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.5 என்றால் பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்பின் ஓட்டம் குறையும். லேபிளில் இருக்கும் லிட்டர் கணக்கை நம்பாமல் அந்த அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்று வரைபடத்தில் பார். பம்புக்குப் போகும் பழைய மெல்லிய வயரையும் மாற்று. இன்ஜெக்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரெயிலில் அழுத்தம் சரிந்தால் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துவிடும், அதுவும் நீ ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்திருக்கும் நேரத்தில்.

மாட்டுவது உனக்குக் கைவந்த வேலை. பம்ப் ஃபியூஸைக் கழற்றி இன்ஜினைச் சுற்றவிட்டு அழுத்தத்தை இறக்கு, பேட்டரியைக் கழற்று, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதே. புதியதில் சுத்தமான ஆயில் ஒரு மெல்லிய பூச்சு, இன்ஜெக்டர் அழுத்தாமலே சுழன்று உட்கார வேண்டும். உடனே ஸ்டார்ட் செய்யாதே. சாவியை மட்டும் போட்டுப் பம்பை ஓடவிட்டு, ரெயில் முழுக்க டார்ச் அடித்துப் பார். ஈரம் தெரிந்தால் திரும்பக் கழற்று.

என்னிடம் இருக்கும், கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். பூஸ்டில் அது காட்டும் லாம்டா எண் 0.8க்கு மேல் ஏறுவதை, அதாவது கலவை மெலிவதை, பார்த்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடு. விற்கிறவர் அட்டவணை அனுப்பினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்