ஒப்புதல் தரும் முன் அந்த மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

நீலகிரி மாவட்டக் கல்லூரிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கூடலூரில் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதும் வேலை பார்க்கிறேன். கூகுளின் ‘சம்மர் ஆஃப் கோடு’க்கு விண்ணப்பிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகளாக மாலை நேரங்களில் உதவி வருகிறேன். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றில், அதை உருவாக்குபவர்களின் வழிகாட்டலோடு சில மாதம் நிரல் எழுதும் திட்டம் அது. அந்தப் பணியை இன்டர்ன்ஷிப்பாகக் கணக்கில் கொள்ள உங்கள் ஒப்புதல் தேவைப்படுகிறது. நீங்கள் மாணவர் எடுக்கும் திட்டத்தின் தலைப்பைப் பார்த்து ஒப்புதல் தருகிறீர்கள். தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பந்தலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி வந்தாள். படங்களை இனங்காணும் ஒரு மென்பொருளில் வேலை. தலைப்பில் ‘செயற்கை நுண்ணறிவு’ இருந்ததால் கல்லூரியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுடைய லேப்டாப்பில் நினைவகம் 4 ஜிபி. அந்த மென்பொருளை ஒருமுறை கம்பைல் செய்யவே, அதாவது எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றவே, ஓர் இரவு முழுதும் ஆனது. மூன்று முறை நடு இரவில் கரண்ட் போய் முதலிலிருந்து தொடங்கினாள். வழிகாட்டி ஒரே ஒருவர். ஜூலையில் அவர் விடுப்பில் போய்விட்டார். அவள் கேட்ட ஒரு கேள்வி 19 நாள் பதிலின்றிக் கிடந்தது. இடைக்கால மதிப்பீட்டில் அவளைத் தேர்ச்சி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். தனக்குத் திறமை இல்லை என்றே அவள் இன்றும் நம்புகிறாள். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை. அவள் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தவள் நான். அதில் குறை இல்லை.

பெயரில்தான் கோடை இருக்கிறது. நிரலெழுதும் காலம் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஆகஸ்ட் வரை ஓடுகிறது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது விடுமுறை. நமக்கோ தென்மேற்குப் பருவமழை, கல்லூரியும் திறந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு பெய்யாத ஆண்டிலும், நடுவட்டம் சாலையில் ஒரு மரம் விழுந்தால் போதும், இரண்டு நாள் எதுவும் நகராது. 350 மணி நேரத் திட்டத்தை 12 வாரத்தில் முடிக்க வாரம் 29 மணி நேரம் வேண்டும். வகுப்புக்குப் போய்க்கொண்டு, மழை நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல், ஒரு பிள்ளை அதை எங்கிருந்து எடுப்பாள்? 175 மணி நேரத் திட்டம் இருக்கிறது, 90 மணி நேரத் திட்டமும் இருக்கிறது. சிறியதை எடுப்பது கௌரவக் குறைவு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வழிகாட்டி இசைந்தால் 22 வாரம் வரை நீட்டிக்கவும் வழி உண்டு. அதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு மாணவனையும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் திருத்தம் செய்ய உதவும் சின்னக் கருவி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. தலைப்பைக் கேட்டால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் வேலையை ஏழு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டும் தனியாகவே பயன்படும். நாலாவதோடு அவன் நின்றிருந்தாலும் அந்த நாலும் வீணாகியிருக்காது. வழிகாட்டிகள் இருவர். ஜூலையில் மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது பேட்டரி தீரும் வரை எழுதினான். இணையம் இல்லாமலே மாற்றங்களைப் பதிந்துவைக்க, நிரலின் மாற்றங்களைக் கண்காணிக்கும் ‘கிட்’ மென்பொருள் இடம் தருகிறது. நாலாம் நாள் ஜங்ஷன் டீக்கடையில் லேப்டாப்பை சார்ஜில் போட்டு, செல்போன் சிக்னலில் மொத்தத்தையும் அனுப்பினான். 11 பதிவுகள். மறுநாள் காலையில் இரண்டுக்குத் திருத்தம் கேட்டு, மற்றவற்றை ஏற்றுக்கொண்டு பதில் வந்திருந்தது.

இப்போது யார் வந்தாலும் நான் தலைப்பைப் படிப்பதற்கு முன் அந்தத் திட்டத்தின் பழைய உரையாடல்களைத்தான் திறக்கிறேன். புதிதாக வந்த ஒருவர் கேள்வி கேட்டிருந்தால் எத்தனை நாளில் பதில் வந்தது, எந்தத் தொனியில் வந்தது என்று பிள்ளையோடு சேர்ந்து பார்க்கிறேன். சென்ற பிப்ரவரியில் அப்படிப் பார்த்தபோது ஒரு திட்டத்தில், அனுபவமில்லாத ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்பியிருந்தார். மதிப்பீட்டாளர் அன்று இரவே, அந்த வரியில் இருந்த மாறியின் (வேரியபிள்) பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று நாலு வரியில் விளக்கி, நன்றியும் சொல்லியிருந்தார். அதே நாளில் பார்த்த இன்னொரு பெயர் பெற்ற திட்டத்தில், முந்தைய அக்டோபரில் கேட்ட கேள்விகள் அப்படியே கிடந்தன. எதை எடுப்பது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை; பக்கத்தில் இருந்த பெண்ணே சொல்லிவிட்டாள்.

விண்ணப்பிக்கும் முன்பே மாணவர் அனுப்பிய சின்னத் திருத்தம் ஒன்றாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு, அந்த மென்பொருள் மாணவரின் சொந்த லேப்டாப்பில் ஓட வேண்டும். கல்லூரி ஆய்வகக் கணினியில் ஓடினால் போதாது. ஜூலை இரவில் ஆய்வகம் திறந்திருக்காது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் போன்ற பெரிய திட்டம் என்றால் மூலநிரலை வைத்துக் கம்பைல் செய்யவே குறைந்தது 100 ஜிபி இடம் கேட்கிறது. நம் பிள்ளைகளில் பலர் வைத்திருப்பது அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப்.

2022 முதல் மாணவர்கள் மட்டுமல்ல, 18 வயது நிரம்பிய, திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர் யாரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் உங்கள் பழைய மாணவர்களுக்கும் இதைச் சொல்லியனுப்புங்கள்.

வரும் மார்ச்சில் ஒப்புதல் தாளை எடுக்கும் முன், அந்த மாணவரை லேப்டாப்போடு வரச் சொல்லி, உங்கள் கண் முன்னே மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் போதும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். ஊட்டியானாலும் குன்னூரானாலும் கோத்தகிரியானாலும் சரி, முதல் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து ஒரு நிரலாளர்