புழுதி கிளப்பியது வெயில் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். பாலைவனத் தூசியையும் பழங்காலத் தட்பவெப்பத்தையும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தமிழில் அதிகம் எழுதப்படாத பொருளைத் தொட்டிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அடிப்படையிலேயே ஒரு பிழை. பழைய பனியில் தூசி மிகுந்திருந்தால் அக்காலத்தில் பூமி வெந்துகொண்டிருந்தது என்று பொருள் வரும்படி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். நடந்தது நேர்மாறு. பாலை என்றாலே நமக்குக் கொளுத்தும் வெயில்தான் நினைவுக்கு வருகிறது; அந்தப் பழக்கம் செய்த வேலை இது. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், பூமி குளிர்ந்து கிடந்த பனியுகங்களில்தான் காற்றில் தூசி அதிகம்.

இதற்கு முதன்மைச் சான்று அன்டார்ட்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் 'எபிகா' எனும் ஐரோப்பியக் கூட்டுத் திட்டம் 3,200 மீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனித்தண்டு. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் அங்கே விழுந்த பனியில் ஒரு டன்னை உருக்கினால் சுமார் 15 மில்லிகிராம் தூசி கிடைக்கும். பனியுகத்தின் உச்சமான 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியில் ஒரு டன்னுக்கு 800 மில்லிகிராம் வரை. ஐம்பது மடங்குக்கு மேல்! கட்டுரையும் இந்த ஐம்பதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் பனியுகத்தில் அங்கே விழுந்த பனியே இன்றைய அளவில் ஏறக்குறையப் பாதிதான். ஒரே அளவு உப்பைப் பாதித் தண்ணீரில் போட்டால் கரிப்பு இரட்டிப்பாகும். அதற்காக உப்பு கூடிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு தூசி படிந்தது என்று கணக்குப் போட்டால் உண்மையான உயர்வு சுமார் 25 மடங்கு. செறிவு வேறு, படிவு வீதம் வேறு. இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான்.

தூசியை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. துளையிடும்போது ஊற்றும் மண்ணெண்ணெய் போன்ற திரவத்தால் தண்டின் வெளிப்புறம் அழுக்காகியிருக்கும். குளிரறையில் அதைச் சீவித் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் தூய அறையில் உருக்குவார்கள். உருகிய நீர் மின்சாரம் கடத்தாத அளவுக்குச் சுத்தமானது. அதனால் உப்பு சுமார் 1 சதவீதம் வரும்படி வடிகட்டிய கரைசலைச் சேர்த்து, கூல்ட்டர் கவுண்ட்டர் என்ற கருவியில் தலைமுடிப் பருமனே உள்ள துளை வழியாக இழுப்பார்கள். துளையின் இருபுறமும் மின்முனைகள் இருக்கும். ஒரு துகள் நுழையும்போது தன் பருமனுக்கு உப்புநீரை விலக்கும். மின்தடை ஒரு கணம் எகிறும். எகிறிய அளவைக் கொண்டு துகளின் கனஅளவைச் சொல்லிவிடலாம். அதை அடர்த்தியால் (கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம் என்று வைத்துக்கொள்வது வழக்கம்) பெருக்கினால் எடை.

கோளாறுகளும் இங்கேதான். காற்றுக்குமிழியையும் கருவி துகள் என்றே எண்ணிவிடும். உருக்கிய நீரை வைத்திருந்து அளந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குலுக்காமல் எடுத்தால் பெரியவை அடியில் தங்கிவிடும். எரிமலைச் சாம்பல் விழுந்த அடுக்கு பாலைத் தூசியாகக் கணக்கில் ஏறிவிடலாம். அன்டார்ட்டிகா வரை பறந்து வரும் தூசி பெரும்பாலும் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் குவிந்திருக்கும். ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் பருமனான துகள்கள் திடீரென்று மிகுந்தால் சாம்பலோ என்று சந்தேகப்பட வேண்டும்.

தூசி எந்த ஊருடையது என்பதைச் சொல்பவை ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் என்ற தனிமங்களின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுவகைகள்) விகிதங்கள். பாறைக்குப் பாறை இவை மாறும். பனியுகத்தில் அன்டார்ட்டிகாவின் கிழக்குப் பகுதியில் படிந்த தூசி பெரும்பாலும் தென்னமெரிக்காவின் தெற்கு முனையிலிருந்து, முக்கியமாகப் பாடகோனியாவிலிருந்து, வந்தது என்று தெரிந்தது இப்படித்தான். பனியுகப் பனியில் 1 மில்லிகிராம் தூசி சேர்க்க ஒன்றேகால் கிலோ போதும். இன்றைய பனியிலோ 65 கிலோவுக்கு மேல் வேண்டும். பனியுகத் தூசியின் பிறப்பிடத்தைத் துணிந்து சொல்பவர்கள் இன்றைய தூசி என்றதும் குரலைத் தாழ்த்துவதற்கு இது ஒரு காரணம்.

சரி, குளிரில் ஏன் புழுதி? ஆன்டிஸ் மலையில் பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கின. உருகுநீர் அந்த மாவைச் சமவெளியில் பரப்பிவிட்டு வற்றியது. கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியிருந்ததால் கரையோரக் கடல்தரையும் வெளியே தெரிந்தது. வறட்சியிலும் குளிரிலும், குறைந்த கார்பன் டை ஆக்சைடிலும் செடிகொடிகள் அருகின. காற்று அள்ளுவதற்குத் தடையே இல்லை. மேலே போன தூசியைக் கழுவி இறக்கும் மழையும் குறைவு என்பதால் அது அதிக தூரம் போனது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாடகோனியப் பனியாறுகளின் முனை சமவெளியில் முடிந்த காலங்களில் அன்டார்ட்டிகாவில் தூசி எகிறியிருக்கிறது. முனை பின்வாங்கி ஏரிக்குள் முடிந்ததும் மாவு ஏரியடியில் தங்கிவிட, தூசி சடாரென்று விழுந்திருக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, தூசி குறைந்தால் காற்று தணிந்தது என்று உடனே எழுதிவிட முடியாது. நடுவில் ஓர் ஏரி உட்கார்ந்திருக்கலாம்.

காற்றின் வேகத்தைப் பற்றி இன்னொன்று. மிக நுண்ணிய தூசி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். காற்று மட்டும் அதைக் கிளப்புவது கடினம். 100 மைக்ரான் அளவுள்ள மணல்தான் முதலில் துள்ளும். அது விழுந்து மோதும் மோதலில் தூசி தெறித்து மேலே போகும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிச் செம்மணலும் காற்று குவித்ததே; ஆனால் அது மணல். முறத்தில் புடைக்கும்போது மணி நிற்க உமி பறப்பதுபோல, மணல் பக்கத்திலேயே குவியும். தூசி கண்டம் தாண்டும்.

சீனாவின் லோயஸ் பீடபூமியைக் கட்டுரை தொடாதது பெருங்குறை. அங்கே 100 மீட்டருக்கு மேல் கனமாகக் காற்றடித்த மண் படிந்திருக்கிறது: பனியுகங்களுக்கு மஞ்சள் அடுக்கு, இடைவெப்பக் காலங்களுக்குச் செம்பழுப்பு மண் அடுக்கு, மாறிமாறி 26 லட்சம் ஆண்டுகள். மஞ்சள் அடுக்கில் துகள் பருத்தால் குளிர்காலப் பருவக்காற்று வலுத்தது என்பார்கள். பாலையின் விளிம்பு அருகே நகர்ந்து வந்திருந்தாலும் துகள் பருக்கும். துகளளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

சகாரா தனிக் கணக்கு. அங்கே பனியுகக் குளிரோடு பூமியின் அச்சு தலையாட்டும் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. வடகோளத்தின் கோடை வெயில் வலுத்தபோது பருவமழை உள்ளே புகுந்தது. சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே புல்வெளியும் ஏரிகளும் இருந்தன. வெயில் கூடிய காலத்தில் புழுதி அடங்கியது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியாக் கரைக்கு அப்பால் கடலடி வண்டலில் இக்காலத்தில் தூசி தெளிவாகக் குறைகிறது. இன்று உலகிலேயே அதிகப் புழுதி கிளம்பும் இடங்களில் ஒன்றான சாட் நாட்டின் போடேலே பள்ளம் அன்றைய பேரேரியின் தரைதான். பறப்பது டயட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடு.

கடைசியாக இரும்பு. தூசியிலுள்ள இரும்பு உரமாகி, அன்டார்ட்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் பாசி பெருகி கார்பன் டை ஆக்சைடை இழுத்திருக்கும் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1990இல் முன்வைத்தார். 'பனியுகத்தையே தூசி வரவழைத்தது' என்று கட்டுரை இதை ஊதிப் பெரிதாக்கிவிட்டது. பனியுகத்தில் அந்த வாயு 280 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதே பிபிஎம்) ஏறக்குறைய 185க்கு இறங்கியது. அதில் இரும்பின் பங்கு அதிகம் போனால் 40 பிபிஎம் வரை என்றே மதிப்பிடுகிறார்கள். குளிர் தூசியைக் கூட்டியது, தூசி குளிருக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. அவ்வளவுதான்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் வரைபடத்தையும் மாற்றுங்கள். செறிவுக்குப் பதில் படிவு வீதம் வேண்டும்: டோம் சியில் இன்று ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 0.4 மில்லிகிராம், பனியுக உச்சத்தில் சுமார் 10. செங்குத்து அச்சு மடக்கை அளவில் (சம இடைவெளிக்கு 1, 10, 100 என மடங்காக ஏறும் அளவில்) இருக்கட்டும். சாதாரண அளவில் போட்டால், நீங்கள் அச்சிட்டதுபோல, வெப்பகாலம் முழுவதும் அடியில் ஒட்டிய ஒரே கோடாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்