உஷுவாயா போகிறவர்கள் ஊசியை மறக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். அண்டார்க்டிகா சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், "உஷுவாயா சென்று கப்பல் ஏற வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கமிருந்து கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உஷுவாயா அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகம். அங்கிருந்து அண்டார்க்டிகா தீபகற்பம் ஏறக்குறைய 1,000 கி.மீ. நம் நாட்டு ஆய்வுக் குழுக்கள் கேப்டவுன் வழியாகப் போவதால் அதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் கரை வேறு, சுற்றுலாக் கப்பல்கள் போகும் கரை வேறு.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அர்ஜென்டினாவில் அந்த நோய்க்கு வாய்ப்புள்ளது வடக்கே மிசியோனெஸ், கொரியென்டெஸ் போன்ற மாகாணங்களில்தான். பனி விழும் உஷுவாயாவில் அந்த நோயைப் பரப்பும் கொசுவே கிடையாது. ஆனால் இந்திய விதி ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைத்தான் பார்க்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்; பிறகு ஆயுளுக்கும் போதும். நமக்குப் பக்கத்தில் என்றால் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போடும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். 60 வயது கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பணி ஓய்வுக்குப் பிறகு கிளம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

விசா எடுக்கும்போது பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். கப்பல் ஏறினால் நாட்டைவிட்டு வெளியேறியதாகிவிடும்; திரும்பி இறங்குவது இன்னொரு நுழைவு. கப்பல் சிலியின் புன்டா அரினாஸில் முடிகிறதென்றால் சிலி விசாவும் தனியாக வேண்டும்.

பியூனஸ் அயர்ஸில் விமான நிலையங்கள் இரண்டு. நெடுந்தூர வெளிநாட்டு விமானம் இறங்குவது எசெய்சாவில். உஷுவாயா விமானமோ பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேவில் இருந்து. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் எடை வரம்பும் குறைவு. உஷுவாயாவில் காற்று பலமாக அடித்தால் விமானம் தாமதமாகும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. அதனால் இரண்டு இரவு முன்னதாகவே போய்ச் சேருங்கள். கடைசி நேரத்தில் அங்கே போய்க் கப்பலில் மலிவாக இடம் பிடிக்கலாம் என்ற யோசனை, விசாவுக்கே பயணத் திட்டம் காட்ட வேண்டிய நமக்குச் சரிப்படாது.

பழைய ஷூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலை ஏறிய ஷூவின் அடியில் நெருஞ்சி முள்ளும், ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டையில் புல்விதையும் சிக்கியிருக்கும். அண்டார்க்டிகாவில் வெளியிலிருந்து ஒரு விதைகூட விழக் கூடாது என்பதால் கப்பலில் பை, பாக்கெட், மடிப்பு எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சச் சொல்வார்கள். ஷூ அடியின் பள்ளங்களை ஊசிமுனையால் நோண்ட வேண்டியிருக்கும். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். கரையில் பென்குவினுக்கு 5 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு, பனியில் உட்காரவோ பையைக் கீழே வைக்கவோ அனுமதிப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் கடல். மாலையில் கப்பல் புறப்பட்டதும், உஷுவாயாவை ஒட்டிய பீகிள் கால்வாய் ஏரிபோல இருக்கும். "இவ்வளவுதானா" என்று கடல் குமட்டலுக்கான மாத்திரை போடாமல் படுத்துவிடுவார்கள். நள்ளிரவு வாக்கில் திறந்த கடல் வரும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. மருத்துவர் சொன்ன மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.