இரண்டு நூல் கணக்கு

கரூர்

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். குவில்ட் வகுப்பில் முதல் நாளே இத்தனை பெயரைச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். அதில் பாதி கடைக்காரர்கள் வியாபாரத்துக்காக வைத்த பெயர். மீதிதான் வேலைக்கு ஆகும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குவில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, மொத்தம் மூன்று அடுக்கு. மேலே துண்டு துண்டாகச் சேர்த்துத் தைப்பது டாப். நடுவில் பஞ்சு விரிப்பு, உங்கள் வகுப்பில் அதைப் பேட்டிங் என்கிறார்கள், நம் கம்பெனியில் வாடிங். அடியில் போடும் துணி பேக்கிங். துண்டுகளைச் சேர்க்கும் வேலைக்குப் பீசிங் என்று பெயர். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டும் தையல்தான் குவில்டிங். பள்ளிக்கூடம் விட்டு கம்பெனிக்கு வரும்போதெல்லாம் வாய் பிளந்து பார்ப்பாயே அந்த மல்ட்டி நீடில் மெஷின், அது செய்வதும் இதேதான். அது ரோல் ரோலாக ஓட்டும், நீ ஒற்றை ஊசியில் ஓட்டப் போகிறாய்.

இப்போது கடைப் பெயர்கள். சாதாரணமாகக் கால் கெஜம் கேட்டால் 9 இஞ்ச் அகலத்தில் நீளமாக ஒரு பட்டை கிடைக்கும். அரை கெஜத்தை வெட்டி அதை நடுவில் இரண்டாக்கினால் 18-க்கு 22 இஞ்ச். அதுதான் ஃபேட் குவார்ட்டர். அளவு அதே கால் கெஜம், ஆனால் பெரிய துண்டு எடுக்கலாம். இது உருப்படியான சங்கதி, வாங்கிக்கொள். ஜெல்லி ரோல் என்பது இரண்டரை இஞ்ச் பட்டைகளின் சுருள், சார்ம் பேக் 5 இஞ்ச் சதுரம், லேயர் கேக் 10 இஞ்ச் சதுரம். எல்லாம் பேக்கரிக்காரன் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது! இவற்றின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். பல்லின் நுனியில் அளப்பதா பள்ளத்தில் அளப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாக்கெட்டில் போட்ட அளவை நம்பாதே, ஸ்கேல் வைத்துப் பார்.

வெட்டுவதற்கு ரோட்டரி கட்டர் வாங்கியிருக்கிறாய், நல்லது. சக்கரம் போல உருளும் இந்தக் கத்தியை ஜப்பான்காரர்களின் ஓல்ஃபா கம்பெனி 1979-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அட்டையில் வடிவம் வெட்டி, சுற்றிக் கோடு போட்டு, கத்தரியால்தான் வெட்டினார்கள். ஒவ்வொரு முறை கீழே வைக்கும்போதும் மூடியைத் தள்ளி மூடு. கட்டிங் டேபிளில் விரலைப் பதம் பார்த்தவர்கள் எல்லாரும் அனுபவசாலிகள்தான், புதுப் பையன்கள் இல்லை.

துணியைப் போட்டவுடன் கரை எந்தப் பக்கம் என்று பார். கரையோடு போவது பாவு நூல், அது இழுபடாது. ஊடைப் பக்கம் கொஞ்சம் இழுபடும். கிராஸில், அதாவது மூலைவாட்டில், வெட்டினால் கையில் எடுத்தாலே நீண்டுவிடும். முக்கோணம் வெட்டினால் ஏதாவது ஒரு பக்கம் கிராஸில் வந்தே தீரும். அந்தப் பக்கம் பிளாக்கின் (துண்டுகள் சேர்ந்து ஆகும் ஒரு கட்டத்தின்) உள்ளே போகட்டும், வெளி ஓரத்துக்கு வர விடாதே.

இனிமேல்தான் முக்கியமானது. குவில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் இஞ்ச், நம் கணக்கில் இரண்டு நூல் (ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச்). ஜாக்கெட்டோ தலையணை உறையோ என்றால் அரை நூல் அப்படி இப்படிப் போனாலும் யாருக்கும் தெரியாது. இங்கே அது கூடிக்கொண்டே போகும். 4 இஞ்ச் சதுரம் பன்னிரண்டை ஒரு வரிசையாகச் சேர்க்கிறாய் என்று வைத்துக்கொள். வெட்டும் அளவு நாலரை, தைத்து முடித்தால் 48 இஞ்ச். நடுவில் பதினொரு இணைப்பு. அரை நூல் அதிகமாகப் பிடித்தால் இரண்டு பக்கத் துண்டிலும் போகும், ஓர் இணைப்புக்கு ஒரு நூல். பதினொன்றுக்குப் பதினொரு நூல், அதாவது ஒன்றேகால் இஞ்ச்சுக்கு மேல் காணாமல் போய்விடும். பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

அதனால் எதையும் தொடங்கும் முன் ஒரு சோதனை செய். ஒன்றரை இஞ்ச் பட்டை மூன்று வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அள. சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசிக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு மயிரிழை குறை. துணி மடங்கும் இடத்தில் கொஞ்சம் தின்றுவிடும், உங்கள் டீச்சர் 'ஸ்கான்ட்' கால் இஞ்ச் என்று சொன்னது அதற்காகத்தான். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டிவிடு, துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும்.

நீ பயந்துபோன ஹாஃப் ஸ்கொயர் ட்ரையாங்கிள் ஒன்றுமில்லை. முக்கோணமாக வெட்டித் தைத்தால் கிராஸ் இழுபடும் என்பதால், முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள். வெள்ளைச் சதுரம் ஒன்று, கலர் ஒன்று, நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வை. மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி ஒவ்வொரு தையல், பிறகு கோட்டின் மேல் வெட்டு. விரித்தால் இரண்டு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். தைத்து முடித்த பின் சதுரம் என்ன அளவு வர வேண்டுமோ, அதற்கு மேல் ஏழு நூல் கூட்டி வெட்டச் சொல்லியிருப்பார்கள். நீ ஒரு இஞ்ச் கூட்டி வெட்டு, பிறகு அளவுக்குச் சீவிக்கொள்ளலாம்.

தேய்க்கும்போது இஸ்திரியை இழுக்காதே. வை, எடு, வை. தையல் ஓரத்தை அடர் நிறப் பக்கம் படியவை. அடுத்த வரிசையில் எதிர்ப்பக்கம். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மேடும் மேடும் ஒன்றையொன்று முட்டி நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். அங்கே ஊசி குத்தித் தைத்தால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் வந்து சேரும்.

இவ்வளவு அளவு சொன்னதால் குவில்ட் என்றாலே ஸ்கேல்தான் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவின் அலபாமாவில் ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். தோட்ட முதலாளிகளிடம் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டி, கண் அளவிலேயே தைத்த குவில்ட்டுகள் 2002-ல் ஹூஸ்டன் மியூசியத்தில் ஓவியங்கள் மாதிரி சுவரில் மாட்டப்பட்டன. 2006-ல் அஞ்சல் தலையும் வந்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த வட்டாரப் பெண்கள் 1966-ல் தொடங்கிய கூட்டுறவுக்கு 1972-ல் சியர்ஸ் கம்பெனியிடமிருந்து கார்டுராய் தலையணை உறை ஆர்டர் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் குவில்ட் போட்டார்கள். நம் ஊரில் கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டி எடைக்குப் போடுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? படங்களைத் தேடிப் பார். கோடு கோணலாகத்தான் போகும், ஆனால் எங்கே கோண வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கை உனக்கு வரும்வரை ஸ்கேலை விடாதே.

மூன்றையும் அடுக்கும்போது பேக்கிங்கின் கெட்ட பக்கம் மேலே இருக்கும்படி தரையில் இறுக்கி டேப் ஒட்டு. அதன்மேல் பேட்டிங், அதன்மேல் டாப். அடி இரண்டும் எல்லாப் பக்கமும் 3, 4 இஞ்ச் வெளியே நிற்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போ, ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். வாக்கிங் ஃபுட் என்ற ஒன்றைக் கட்டாயம் வாங்கு. சாதாரண பிரஷர் ஃபுட்டில் அடித்துணியை மெஷின் தகட்டில் இருக்கும் பல் தள்ளும், மேல்துணி பின்தங்கும். இது மேலிருந்தும் தள்ளும். தையல் வரிகள் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்று பேட்டிங் பாக்கெட்டிலேயே இருக்கும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

பைண்டிங், நாம் பைப்பிங் அடிப்பது மாதிரிதான். இரண்டரை இஞ்ச் பட்டையை இரண்டாக மடித்து ஓரம் சுற்றித் தை. நேர் ஓரத்துக்கு நேர் பட்டை போதும், வளைவுக்கு மட்டும் கிராஸ். 60-க்கு 72 இஞ்ச் குவில்ட் என்றால் சுற்றளவு 264, மூலைக்கும் முடிச்சுக்கும் ஒரு 12 கூட்டிக்கொள். 40 இஞ்ச் பட்டை ஏழு போதும்.

அடர் சிவப்பு, கருநீலம் எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சாயம் இறங்கினால் அந்தத் துணியே வேண்டாம்.

முதல் பிளாக் முடிந்ததும் போட்டோ அனுப்பு. முன்பக்கம் உங்கம்மாவுக்கு. எனக்குப் பின்பக்கம், ஸ்கேல் வைத்து எடு.

அப்பா