நோட்டீஸ் போர்டில் ரேங்க் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியபோது நிம்மதியாக இருந்தது, ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் மாதத் தேர்வுக்கெல்லாம் ரேங்க் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டத்தான் செய்கிறார்கள்.

என் மகளும் பக்கத்துத் தெருப் பிள்ளையும் எல்கேஜியிலிருந்து ஒரே ஆட்டோவில் போகிறவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சொதிச் சோறு தின்றவர்கள். இப்போது பத்தாம் வகுப்பு. ஒருத்தி முதல் ரேங்க், மற்றவள் இரண்டாவது, வித்தியாசம் இரண்டே மார்க். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் என் மகளின் அறிவியல் நோட்டைக் காணோம். "ஏட்டி, நீதான எடுத்த?" என்று ஆட்டோவிலேயே கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை பதிலே சொல்லவில்லையாம், கொக்கிரகுளம் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நோட்டு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், கரண்ட் பில்லுக்கு அடியில் கிடந்தது. வைத்தது நான்தான்.

மன்னிப்புக் கேட்டாள், சரி, பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் எவ்வளவு படித்தாய் என்று ஒருத்தி கேட்டால் மற்றவள் "ஒண்ணுமே படிக்கல" என்கிறாள். "உன் பிரெண்டைப் பார்த்துப் படி" என்று ஆசிரியர்கள் சொல்வதை (நானும் சொல்லியிருக்கிறேன்) முதலில் நிறுத்தலாம். மார்க்கை அவரவர் கையில் கொடுத்தால் போதாதா?

ஒரு தாய், பாளையங்கோட்டை