அக்காவுக்கு, தக்காளித் தோட்டத்திலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? போன முறை பேசியபோது, "எந்நேரமும் தோட்டத்திலேயே கிடக்கிறாயே, அப்படி என்னதான் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வைத்திருப்பது தக்காளிதான். ஆனால் ஒரு டஜனுக்கு மேல் ரகங்கள்!

இந்த ஊரில் வெயில் காலம் ரொம்பக் குறுகியது. உறைபனி நிற்பதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே விதை போட்டுவிட வேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே ஜன்னலோரத் தட்டில் நாற்று தலை தூக்கும். அதை எடுத்துக்கொண்டுபோய் நேராக மண்ணில் வைத்துவிட முடியாது. ஒரு வாரம், பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதியைப் புதைத்துவிடுவேன். புதைந்த தண்டு முழுக்க வேர் விட்டுச் செடி பலமாக நிற்கும்.

அதன் பிறகுதான் கொண்டாட்டம். முதலில் பழுப்பது சன்கோல்ட். கோலிக்குண்டு அளவுதான், ஆரஞ்சு நிறம், அப்படி ஒரு இனிப்பு. பறித்ததில் பாதி வீட்டுக்குள் வருவதே இல்லை, நின்ற இடத்திலேயே தின்றுவிடுகிறோம். அப்புறம் கிரீன் ஜீப்ரா. பழுத்தாலும் பச்சைதான். வரிகளுக்கு நடுவே லேசாக மஞ்சள் ஓடி, விரலால் தொட்டால் கொஞ்சம் இளகியிருக்கும். அதுதான் பறிக்கும் பதம். புளிப்பு பிடித்தவர்களுக்கு அதை விட்டால் வேறில்லை. சான் மார்சானோ நீளமாக, சதைப்பற்றாக, விதை குறைவாக இருக்கும். இத்தாலியில் வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணில் பேர் வாங்கிய ரகம். காய்ச்சிக் குறுக்குவதற்கு அதுதான் சரி.

என் மனம் கவர்ந்தது செரோக்கி பர்ப்பிள். குறுக்கே வெட்டினால் சதை கருஞ்சிவப்பு, விதையைச் சுற்றிப் பச்சை நீர், காம்புப் பக்கம் பச்சை கலந்த தோள். பழுத்த பிறகும் இலைப்பச்சை முழுதாக மறையாமல் சிவப்போடு கலந்துவிடுவதால்தான் அந்த நிறம். பக்கத்திலேயே இளஞ்சிவப்பு பிராண்டிவைன். உள்ளே சதை சாதாரணத் தக்காளியைப் போலவே சிவப்புதான். தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: கண்ணாடி போல நிறமே இல்லை. சாதாரணச் சிவப்புத் தக்காளியின் தோலை உரித்தால் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் இல்லாததால்தான் இது இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இவ்வளவு நாள் தின்று வந்த பழத்தில் இதைக் கவனித்ததே இல்லை, நீயும் ஒருமுறை உரித்துப் பார்.

அந்தப் பச்சைத் தோள் இருக்கிறதே, அதில் ஒரு விஷயம் உண்டு. கடைத் தக்காளி எல்லாம் பச்சைத் தோள் இல்லாமல் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல காலமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அந்தச் சீரான நிறத்தோடு சேர்ந்தே பழத்தில் சர்க்கரை குறைந்துபோனதை 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் மரபணு வரை போய்க் கண்டுபிடித்தார்கள். பச்சைத் தோளோடு வரும் பழத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மார்ட்கேஜ் லிஃப்டர், அதாவது 'அடமானக் கடன் தீர்ப்பது', என்று ஒரு பெரிய பழம். அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியாவில் ரேடியேட்டர் ரிப்பேர் செய்துவந்த சார்லி பைல்ஸ் என்பவர் பெரிய பழச் செடிகளை ஒன்றோடு ஒன்று மகரந்தம் சேர்த்து உருவாக்கியது. 1940-களில் நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்றே ஆறாயிரம் டாலர் வீட்டுக் கடனை அடைத்துவிட்டார். அந்தப் பேர் அப்படி வந்ததுதான்.

வேலை இல்லாமல் இல்லை. கணுவில் கிளம்பும் பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும், குச்சி நட்டுக் கட்ட வேண்டும். ஒருநாள் தண்ணீர் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று விட்டால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் அடிப்பக்கம் கறுத்துவிடும். செடிகளுக்குள் புகுந்து வந்தால் விரலெல்லாம் பச்சைக் கறை, சோப்புப் போட்டால் நுரையே மஞ்சளாக ஓடும். அந்த வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் பெரிய வண்டுத்தேனீ வந்து பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். உள்ளே இருக்கும் மகரந்தம் உதிரும். அந்த 'உர்ர்' சத்தத்தைக் கேட்டாலே காய் நிறையப் பிடிக்கும் என்று மனம் சொல்லும்.

வந்த புதிதில் இங்கே யாரோடும் பேச ஆளில்லை என்று உன்னிடம் அழுதேனே, இப்போது அந்தக் குறை இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர் தன் பழத்தை நீட்டி என் பழத்தைக் கேட்கிறார். எது ருசி என்று சண்டை கூடப் போடுகிறோம்.

குளிர் திரும்பும் முன் மிச்சக் காய்களைப் பச்சையாகவே பறித்துக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தால் மெல்லப் பழுக்கும். பழுத்ததை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதே, மணம் போய்விடும்.

உனக்கு விதை அனுப்ப ஆசைதான். ஆனால் எல்லை தாண்டி விதை போக அனுமதிச் சான்றிதழ் வேண்டும், கவரில் போட்டுவிட முடியாது. அங்கேயே நாட்டு ரகமாகப் பார்த்து வாங்கு. சன்கோல்ட் மாதிரி ஹைபிரிட்டில் விதை எடுத்தால் அதே பழம் வராது. இரவுச் சூடு அதிகமானால் பூ உதிரும், அதனால் குட்டித் தக்காளியில் ஆரம்பி, அது சூட்டை ஓரளவு தாங்கும். நன்றாகப் பழுத்ததில் விதையை வழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் புளிக்கவிட்டு, வழுவழுப்பு போனதும் கழுவி நிழலில் உலர்த்து. எத்தனை ரகம் கிடைத்தது என்று எழுது, பெயரோடு.

அன்புடன்,
உன் தங்கை