லிமோஜில் செர்ரிக் காலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று போனில் கேட்டாயே, லைன் சரியில்லாததால் பாதியில் விட்டுவிட்டேன். இப்போது விவரமாக எழுதுகிறேன்.

ஜூன் வந்துவிட்டது. இரவு ஒன்பதரைக்கும் இங்கே, பிரான்சின் லிமோஜ் ஊரில், வெளிச்சம் இருக்கிறது. மத்திய மார்க்கெட்டில் கருஞ்செர்ரியைக் குவித்து வைத்திருக்கிறார்கள். 1889இல் கட்டிய கூடம் அது. அங்கே விற்கிற பொருள்களைப் பீங்கான் ஓடுகளில் வரைந்து சுவரைச் சுற்றிப் பதித்திருக்கிறார்கள், நீ வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். ஆனால் செர்ரி நாங்கள் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு மதாமின் தோட்டத்தில் மரம் இருக்கிறது. பறவைகள் கொத்தாமல் இருக்கப் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கூடை நிறையப் பறித்து வந்து, இந்த ஊர்ப் பலகாரம் கிளாஃபூத்தி செய்வதைச் சொல்லிக் கொடுத்தார்.

நீயாக இருந்தால் முதலில் செர்ரியின் கொட்டையை எடுத்துவிடுவாய். இந்த ஊரில் எடுக்க விடமாட்டார்கள். காம்பை மட்டும் கிள்ளி, கழுவி, துணியில் ஈரம் போக ஒற்ற வேண்டும். கொட்டையோடு வெந்தால்தான் பாதாம் மாதிரி ஒரு வாசனை இறங்குகிறது, பழச்சாறும் மாவில் அதிகம் கசிவதில்லை. மதாம் இதில் ரொம்பக் கண்டிப்பு. எனக்கும் அவர் கட்சிதான். கொட்டையை எடுத்துச் செய்ததை ஒரு கடையில் சாப்பிட்டேன், இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான், அந்த வாசனை இல்லை. சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் கொட்டையை எடுத்துவிட்டு ஊட்ட வேண்டும். நாமும் அதைக் கடிக்கக் கூடாது.

செர்ரி 600 கிராம் என்றால் முட்டை 3, மைதா 100 கிராம், சர்க்கரை 100 கிராம், பால் கால் லிட்டர், உப்பு ஒரு சிட்டிகை. முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, மைதாவைச் சலித்துப் போட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். ரவா தோசைக்குக் கரைப்பது போல நீர்க்கவே இருக்கும், பயப்படாதே. அரை மணி நேரம் அப்படியே வைத்துவிடு. பாத்திரத்தில் வெண்ணெயை நன்றாகத் தடவி, பழத்தை நெருக்கமாக அடுக்கி, மேலே மாவை ஊற்றி, ஓவனில் 180 டிகிரியில் நாற்பது நிமிடம் வேகவிட வேண்டும்.

மதாம் எடுத்து வந்த பாத்திரம் வெள்ளைப் பீங்கான், அவருடைய அம்மா காலத்தது. 1768இல் இந்த ஊருக்குத் தெற்கே சேந்த்-இரியே பக்கம் வெள்ளைக் களிமண் கிடைத்ததிலிருந்து லிமோஜுக்குப் பீங்கான்தான் பெருமை. விளிம்பில் இருந்த நீலக் கோடு பாதி அழிந்திருந்தது. ஓவனில் மாவு ஓரமெல்லாம் புடைத்து எழும்பி, பழம் கறுத்துப் பளபளவென்று மேலே தெரிந்தது. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும், அதுதான் சரியான பதம். ஆறி வெதுவெதுப்பானதும் சர்க்கரை தூவிச் சாப்பிட்டோம். ஒவ்வொரு வாய்க்கும் கொட்டையைத் தட்டோரம் ஒதுக்கி வைக்க வேண்டியிருப்பதால் யாராலும் அவசரமாகச் சாப்பிட முடியாது. இங்கே வந்து இவ்வளவு நேரம் யாரோடும் உட்கார்ந்து பேசினதே இல்லை, அம்மா. மதாம் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் பேசின பிரெஞ்சு எனக்கு அன்று முழுசாகப் புரிந்தது.

சித்தி வீட்டில் ஓவன் இருக்கிறதே, நீயும் செய்து பார். நம் ஊரில் செர்ரி வேண்டாம், கொஞ்சம் புளிப்புள்ள மாம்பழமாகப் பார்த்து எடு. வேறு பழம் போட்டுச் செய்தால் இங்கே ஃப்ளோஞார்த் என்பார்கள். மாம்பழம் நீர் விடும், அதனால் பாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

அப்புறம், அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? உடனே எழுது.

அன்புடன்,
உன் மகள்